பசு போன பிறகு வந்த முடிவு

எங்கள் மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் எங்கள் தோட்ட லயத்தில் பக்கத்து வீட்டு அத்தைக்கு உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய செவலைப் பசுவின் பால் மாதிரிக்கான பரிசோதனை முடிவு அது. மாதிரியைக் கொடுத்து 41 நாள் ஆகியிருந்தது. பசுவை விற்று மூன்று வாரம் ஆகியிருந்தது.

மாதிரியை எடுத்தவள் நான். கால்நடைத் தொற்றுநோய்களையும், கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் மருந்தெதிர்ப்பையும் ஆராய்வது என் வேலை. ஊசி போட உரிமம் பெற்றவள் அல்லள். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது அத்தை கொட்டகைக்கு அழைத்தார். பின்மடியின் ஒரு பக்கம் இறுகிப் போய், தொட்டால் சுட்டது. பீய்ச்சியதில் மஞ்சள் நீரும் திரிதிரியாகக் கட்டிகளுமே விழுந்தன. காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீய்ச்சலைக் கீழே விட்டு, தூசி விழாதபடி புட்டியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த பாலை, ஐஸ் பெட்டியில் வைத்து மோட்டாரில் கொண்டுவந்து அன்று காலையே உங்கள் முகப்பில் ஒப்படைத்தேன்.

முடிவு வரட்டும் என்று அத்தை மூன்று நாள் பொறுத்தார். அதற்குமேல் அந்த மாடு தீனியைத் தொடாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் மிச்சம் வைத்திருந்த ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி ஊசியை வாங்கிப் போட்டார். ஊசி போட்ட நாள்முதல், நல்ல காம்புகளில் வந்த பாலையும் சேர்த்துக் கறந்து செம்பனை மரத்தடியில் ஊற்றினார். மருந்து கலந்த பாலை ஒட்டுக்கடைக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். போன ஆண்டு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். வீக்கம் வடியவில்லை, அந்தப் பக்கத்து மடி வற்றிப்போனது, வியாபாரி லாரியோடு வந்தார். எங்கே கொண்டுபோகிறார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்கு நேரே ‘ஆர்’ என்று இருந்தது. அந்தக் கிருமி அதற்கு அடங்காது என்று பொருள். இரண்டு வரி கீழே இன்னொரு மருந்துக்கு ‘எஸ்’ என்று இருந்தது, அது கேட்டிருக்கும். நான் விரலை வைத்துக் காட்டினேன். அத்தை தாளை நான்காக மடித்து, கறவைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இந்தச் சோதனைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலைக் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் தேய்த்து வைத்தால் பெரும்பாலும் மறுநாளே கிருமி வளர்ந்துவிடும். அதை வேறு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய வட்டத் தாள்களை வைத்து, 35 பாகை வெப்பத்தில் ஓரிரவு விட்டால், தாளைச் சுற்றி விழும் தெளிந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளந்துவிடலாம். கிருமியின் இனத்தை அறிய இன்னும் ஓரிரு நாள் சேர்த்தாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும் வேலை. மீதி நாள்களில் அந்தத் தாள் எந்த மேசையில் இருந்தது? இதைத் தொலைபேசியில் கேட்டபோது, “நீங்களே செய்துகொள்ளலாமே” என்றார் உங்கள் ஊழியர். செய்யலாம்தான். ஆய்வுத் திட்டத்துக்கென ஒதுக்கிய தட்டுகளில் ஊர் மாடுகளையெல்லாம் சோதிக்கிறேன். நீங்கள் எனக்குப் பதிலாக ஆய்வுக்கட்டுரை எழுதித் தாருங்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். கோலிஸ்டின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைத் தீவனத்தில் கலப்பதற்கு 2019 ஜனவரி முதல் தடை விதித்த நாடு நம் மலேசியா. அந்த முடிவை வெளியூர்க் கருத்தரங்குகளில் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் 18 முதல் 24 வரை மருந்தெதிர்ப்பு விழிப்புணர்வு வாரம் வருகிறது. நீங்களும் பதாகையோடும் பனியனோடும் வந்து, “பரிசோதிக்காமல் மருந்து போடாதீர்கள்” என்கிறீர்கள். அத்தையிடமும் அந்தப் பனியன் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் சாணி அள்ளுகிறார்.

நோயை இன்னதென்று அறியாமல் வைத்தியம் பார்த்தால் என்ன நேரும் என்பதைப் பேராக் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1998இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அது நிப்பா என்னும் புதிய வைரஸ் என்று 1999 மார்ச்சில் தெரிந்தது. 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அதற்கு முன் ஒரு செவலைப் பசு எம்மாத்திரம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமி அந்தப் பசுவோடு லாரியில் ஏறிப் போய்விடவில்லை. அதே கொட்டகையில் இன்னும் மூன்று மாடுகள் நிற்கின்றன; அதே கையால்தான் அத்தை அவற்றையும் கறக்கிறார்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன்: பால் மாதிரியின் முடிவை ஏழு நாளுக்குள் மாட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். முத்திரையிட்ட கடிதம் பிறகு வரட்டும்; முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும், வாட்சாப்பில் ஒரு வரியானாலும் போதும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதை மட்டும் ஏழு நாளுக்குள் சொல்லுங்கள்.

அத்தையின் கறுப்புப் பசுவுக்கு நேற்றிலிருந்து மடி சுடுகிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஐஸ் பெட்டியோடு உங்கள் முகப்பில் நிற்பேன். தயவுசெய்து அன்றே தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லயத்தில் வளர்ந்த ஆய்வாளர் ஒருத்தி