கிரீடம் வைத்த கருவாடு

பெர்கன், நார்வே
பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மா சொல்லச் சொல்ல நீ எழுதியது என்று வரிக்கு வரி தெரிகிறது. "உயிரோடுதான் இருக்கிறானா என்று கேள்" என்ற இடத்தில் மட்டும் பேனாவை அழுத்தியிருக்கிறாய். பதில் போடாதது என் தப்புதான். போனில் இரண்டு நிமிடம் பேசியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. நம் சரக்குக் கிட்டங்கியை விற்கிற விஷயம் கடைசியில் இருக்கிறது, அதை முதலில் நீ தனியாகப் படி.

நான் நலம். டிசம்பரில் காலை 9.45க்கு விடிந்து 3.30க்கெல்லாம் இருட்டிவிடும். இப்போது பகல் கொஞ்சம் நீண்டிருக்கிறது. மழைதான் ஓயாது, வருஷத்தில் 200 நாளுக்கு மேல் பெய்கிற ஊர். போன மாதம் பனியும் விழுந்தது. பனி என்றால் எப்படியிருக்கும் என்று தெரியாமலே இத்தனை வருஷம் பனிமய மாதா கோயிலில் மண்டியிட்டிருக்கிறோமே என்று ஜன்னலில் நின்றபடி நினைத்தேன். சத்தமே இல்லாமல் விழுகிறது, அக்கா. அம்மா அதைப் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் பட்டறையில் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால் நேரம் நிறையக் கிடைக்கிறது, கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறேன். கேமரா வாங்கியதில்லை, கூட இருந்த பையன் ஊர் திரும்பும்போது கொடுத்தது. அம்மாவிடம் அதைச் சொல்லிவிடு. பஸ்ஸிலும் ஏறுவதில்லை, நடந்தால்தான் படம் கிடைக்கும். ஃப்ளோயன் மலைக்கு 1918லிருந்து ஓடும் இழுவை ரயில் இருக்கிறது. நான் நடந்தே ஏறிவிடுவேன். மேலே நின்றால் துறைமுகம் முழுவதும் உள்ளங்கையில் வைத்தது போலத் தெரியும்.

இத்துடன் 14 படம் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் பிரிக்கன் என்கிற இடத்தில் எடுத்தவை. தண்ணீரைப் பார்த்து வரிசையாக நிற்கும் மரக்கட்டடங்கள், சிவப்பும் மஞ்சளும் காவியுமாக. எல்லாம் கிட்டங்கிகள்தான், அக்கா. 1360 வாக்கில் ஜெர்மன் வியாபாரிகள் வந்து அலுவலகம் போட்டு, 1754 வரை இங்கேயே இருந்திருக்கிறார்கள். 1702இல் எல்லாம் எரிந்து போனது. அதே அடித்தளத்தின் மேல் பழைய மாதிரியே திரும்பக் கட்டினார்கள். 1955இல் மறுபடி தீ. மிஞ்சியிருப்பவை 62. யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அத்தனை கிட்டங்கியிலும் என்ன இருந்தது தெரியுமா? கருவாடு! வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் காட் மீனை ஜோடி ஜோடியாக வாலில் கட்டிக் குளிர்காற்றில் தொங்கவிடுகிறார்கள், பிப்ரவரியிலிருந்து மே வரை. ஒரு கல் உப்பு கிடையாது. உப்பளத்து மாமாவிடம் சொன்னால் நம்பவே மாட்டார். அந்தக் கருவாட்டைக் கொடுத்துத்தான் இந்த ஊர்க்காரர்கள் ஜெர்மன்காரர்களிடம் தானியம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நான்காவது படத்தை அப்பா கையில் கொடு. அந்த வியாபாரிகளின் சின்னம் அது. ஒரு பாதியில் கழுகு, மறு பாதியில் கருவாடு. கருவாட்டின் தலையில் கிரீடம்! அதைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. சட்டையில் மாசிக் கருவாட்டு வாசம் என்று பக்கத்தில் உட்கார மறுத்தார்களே, நான் அழுதுகொண்டே வந்து இனிக் கிட்டங்கிப் பக்கம் வரமாட்டேன் என்று அப்பாவிடம் கத்தினேனே. அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் படத்தைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

அந்தச் சந்துகளில் படம் எடுப்பது லேசில்லை. நேரான கோடு என்று ஒன்றுகூட இருக்காது. ஒரு வீடு இடது பக்கம் சாயும், அடுத்தது அதன் தோளில் சாயும். எதை வைத்து கேமராவை நேராகப் பிடிப்பது? பக்கத்துச் சுவரில் இருக்கும் மழைநீர்க் குழாயைப் பார்த்துத்தான் பிடிக்கிறேன். வீடுகள் சாய்ந்ததற்குக் காரணம் அடியில் இருக்கும் மர அடித்தளம். நீரில் ஊறிய மரம் கெடாது, நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால்தான் உளுத்துப்போகும். அதனால் இங்கே பூமிக்குள் தண்ணீரைத் திரும்ப ஏற்றப் பாடுபட்டிருக்கிறார்கள். கேமராவிலும் அந்த ஈரம்தான் தொல்லை. வெளியிலிருந்து வந்ததும் லென்ஸ் வேர்த்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி அரைமணி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். துடைப்பது அம்மாவின் பழைய சேலைத் துண்டால். பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றி வைத்தீர்களே, அதுதான்.

மேல்வீட்டு அம்மையாரைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதல் ஆறு மாதம் படியில் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனவர். நவம்பரில் ஒருநாள் என் கதவில் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி தொங்கியது, துண்டுச்சீட்டுகூட இல்லை. அப்புறம் நீ அனுப்பிய நெத்திலியை வறுத்த அன்று கதவைத் தட்டினார். போச்சு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று நடுங்கிப்போனேன். அவர் மூச்சை இழுத்து, "மீனா?" என்றார். ஒரு தட்டு கொடுத்தேன், நின்றபடியே தின்றார். இப்போது ஞாயிறு தோறும் காபி. 1944 ஏப்ரல் 20ஆம் தேதி துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்தது. அன்று தன் அம்மா ஜன்னல் கண்ணாடியைத் தலைமுடியிலிருந்து பொறுக்கி எடுத்தார் என்று சொன்னார். அந்த வெடிப்பில் ஹாகோன் மன்னர் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்மண்டபம் கூரையே இல்லாமல் போனதாம். ஒன்பதாவது படம் அந்த மண்டபம்தான், திரும்பக் கட்டிய கூரையோடு.

1955 தீக்குப் பிறகு அந்த இடத்தைத் தோண்டியபோது மரக்குச்சிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தனவாம். பழங்காலத்து ஜனங்கள் கத்தியால் ரூன் என்கிற பழைய எழுத்தைக் கீறிய குச்சிகள். ஒன்றில் இவ்வளவுதான் இருக்கிறது: "கீடா சொல்கிறாள், நீ வீட்டுக்குப் போ." எத்தனை நூறு வருஷத்துக்கு முன் எவன் கைக்குப் போன குச்சியோ. அதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பீச் ரோட்டில் தோணி ஆடுகிற சத்தமும், சாயங்காலம் நீ வாசலில் நின்று என் பேரை இழுத்துக் கூப்பிடுவதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன. சரி, அதை விடு. அம்மாவுக்கு இந்தப் பத்தியை வாசிக்காதே.

இனிக் கிட்டங்கி. பெரியப்பா அட்வான்ஸ் வாங்கிவிட்டார் என்கிறாய், அப்பா வாயே திறக்கவில்லை என்கிறாய். பவர் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடத் தூதரகம் இருக்கும் ஒஸ்லோவுக்குப் போக வேண்டும், ரயிலில் ஏழு மணி நேரம். இப்போது என்னால் போக முடியாது. அதனால் மட்டும் தாமதிக்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு விற்க மனமில்லை. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு வரப் பார்க்கிறேன். அதுவரை பொறுக்கச் சொல்லி அத்தானை விட்டுப் பேசச் சொல். என் பேச்சைவிட அவர் பேச்சுக்கு பெரியப்பா மசிவார். தங்கச்சி கல்யாணத்துக்குத்தான் பணம் என்றால் அதை எனக்கு நேராக எழுது, வேறு வழி யோசிப்போம். இந்த மாதம் அனுப்புவது பத்து நாள் பிந்தும்.

அதற்குள் ஒரு வேலை செய். வெயில் ஏறுவதற்கு முன் போய் உன் போனில் படம் எடு. முதலில் எதிர்ப்பக்கத்தில் நின்று முகப்பு முழுவதும். அப்புறம் உள்ளே தராசு தொங்கிய கொக்கி, உத்தரம், தாத்தா கரித்துண்டால் கடன் கணக்கு எழுதிய வடக்குச் சுவர். சுவருக்குக் கிட்டப் போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடு, அப்போதுதான் எழுத்துத் தெரியும். யாராவது வெள்ளையடிக்க வந்தால் அந்தச் சுவரைத் தொட விடாதே. முடிந்தால் அப்பாவைக் கூட்டிப் போய் வாசற்படியில் உட்கார வைத்து ஒரு படம் எடு. சட்டை மாற்றச் சொல்லாதே.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கினீர்களா என்று எழுது.

உன் தம்பி