ஹௌவிக்கில் லாடக்காரர் தேடும் மாணிக்கத்துக்கு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. ஹௌவிக்கில் குடியேறிய கையோடு, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை ஒன்றையும் வாங்கிவிட்டாயாமே, மகிழ்ச்சி. இங்கே மாரிட்ஸ்பர்க்கில் எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. தைப்பூசக் காவடிக்கு நீ வரும்போது மற்றதைப் பேசிக்கொள்வோம்.

லாடக்காரர் யாரையாவது சொல் என்று கேட்டிருந்தாய். பெயர் தருவதைவிட, வருகிறவரை எடைபோடும் விதத்தைச் சொல்கிறேன். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பதே குற்றம். நம் தென்னாப்பிரிக்காவில் அந்த வசதியை நம்பி இருக்க முடியாது. வண்டியில் அடைகல்லும் உலையும் வைத்திருப்பவரெல்லாம் ஃபாரியர்தான்! யாரிடம், எத்தனை வருடம் தொழில் பழகினார் என்று கூச்சப்படாமல் கேள். நல்லவர் கோபப்பட மாட்டார்.

விசாரிப்பதைக் குதிரை டாக்டரிடமிருந்து தொடங்கு. "நல்ல ஆள் யார்" என்று கேட்காதே. "லாமினைட்டிஸ் (குளம்புக்குள் அழற்சி) வந்த குதிரைக்கு எக்ஸ்ரே எடுத்தால், படத்தை யாரிடம் கொடுத்துக் குளம்பு வெட்டச் சொல்வீர்கள்" என்று கேள். அப்போது வரும் பெயர் வேறாக இருக்கும். ஷோங்வேனிப் பக்கம் சமர்வெல்டில் பந்தயக் குதிரைகள் ஏராளம், அங்கே லாடக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் பந்தயக் குதிரைக்கு மெல்லிய அலுமினியத் தகடு போதும், உன் சவாரிக் குதிரைக்கு எஃகு லாடம் வேண்டும். இரண்டும் செய்பவரா என்று பார்.

ஆள் வந்ததும் முதலில் என்ன செய்கிறார் என்று கவனி. கட்டாந்தரையில் குதிரையை நடக்கவிட்டு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். குளம்பு சமமாகவோ, குதி சற்று முந்தியோ தரையில் படுவது நல்லது. நுனி முதலில் பட்டால் குதியில் வலி இருக்கலாம். இதைப் பார்க்காமல் நேரே காலைத் தூக்குகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

அடுத்தது வெட்டு. லாடத்தைவிட இதுதான் முக்கியம் என்பது என் கட்சி. பந்தயத்திலிருந்து வரும் தரோபிரெட்டுகளில் பல, நுனி நீண்டு குதி தாழ்ந்துதான் இருக்கும், அடித்தளமும் மெல்லியது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் குளம்பின் முன்கோடும் அதற்கு மேலுள்ள கணுப்பகுதியின் கோடும் ஒரே சாய்வில் போக வேண்டும். நுனி நீண்டிருந்தால் அந்தக் கோடு பின்னுக்கு முறிந்து, காலின் பின்புறத் தசைநாண்களில் இழுவை ஏறும். அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் நேராக்கிவிட முடியாது. குளம்பின் முன்பகுதி முழுதாக வளர்ந்து இறங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அடித்தளத்தில் உதிரும் பொருக்கை மட்டும்தான் எடுக்க வேண்டும். வெட்டி முடித்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார், அமுங்கினால் அளவுக்கு மீறிச் சுரண்டியிருக்கிறார். நடுவிலுள்ள முக்கோணமான ஃப்ராக்கில் பிய்ந்து தொங்குவதை மட்டும் வெட்டினால் போதும்.

லாடத்தைக் குளம்புக்கு ஏற்ப வளைக்க வேண்டும். சிறிய லாடத்தை வைத்துவிட்டு, வெளியே நிற்கும் குளம்புச் சுவரை முன்னாலிருந்து அரத்தால் ராவித் தள்ளுகிறவர்கள் உண்டு. செருப்புக்காகக் காலை வெட்டுகிற வேலை அது. பின்னாலிருந்து காலைத் தூக்கிப் பார்த்தால் லாடத்தின் இரண்டு நுனியும் குதியின் கடைசி வரை வந்திருக்க வேண்டும். பாரம் விழும்போது குளம்பின் பின்பாதி விரியும். ஆகவே அங்கே இரு பக்கமும் லாடம் ஒரு நூலளவு வெளியே தெரியலாம். அதே காரணத்துக்காகத்தான், குளம்பின் மிக அகன்ற இடத்துக்குப் பின்னால் ஆணி அடிக்கக் கூடாது.

பக்கத்துக்கு மூன்று ஆணி உன் குதிரைக்குப் போதும். ஆணி, குளம்புச் சுவரும் அடித்தளமும் சேரும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இறங்கி, சுவரில் தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், ஒரே வரிசையாக வெளியே வர வேண்டும். குளம்புச் சுவரின் கெட்டிப் பகுதியில் போகும் ஆணிக்கு அடிக்க அடிக்கக் கணீரென்ற சத்தம் வரும். சத்தம் மந்தமாகி, குதிரையும் காலை இழுத்தால், கைதேர்ந்தவர் அங்கேயே நிறுத்தி ஆணியைப் பிடுங்கிவிடுவார். ரத்தம் வந்தால் துளையில் அயோடின் ஊற்றி அதைக் காலியாக விட வேண்டும், டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேள். சில சமயம் ஆணி சதையைத் தொடாமல் நெருக்கி மட்டும் நிற்கும். அப்படியானால் இரண்டொரு நாள் கழித்துத்தான் நொண்டல் தெரியும், குளம்பும் சூடாக இருக்கும். காத்திராமல் கூப்பிடு. உடனே வருகிறாரா என்பதிலும் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

ஐந்து முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர் வர வேண்டும். போவதற்கு முன்பே அடுத்த தேதியைக் குறித்துக்கொள். தள்ளிப்போட்டால் குளம்பு வளரும் போக்கில் லாடம் முன்னால் நகர்ந்து, அதன் பின்நுனிகள் குதியின் உள்மூலையில் அழுத்திப் புண்ணாக்கும். நம் கோடை மழையில் குளம்பு தினமும் ஊறிக் காய்வதால் ஆணி சீக்கிரம் தளரும். ஃப்ராக்கின் பள்ளத்தில் கறுப்பாக, நாற்றத்தோடு கசிந்தால் அது த்ரஷ் என்ற குளம்பழுகல். தினமும் சுத்தம் செய்து, உலர்ந்த தரையில் நிறுத்து.

பின்னங்கால்களுக்கு லாடம் வேண்டுமா என்றும் அவரிடம் கேள். புல்வெளியில் திரியும் குதிரைக்குப் பல நேரம் தேவைப்படாது. "இப்போதைக்கு வேண்டாம், வெட்டினால் போதும்" என்று தன் வருமானத்தையே குறைத்துக்கொள்கிறவர் கிடைத்தால் விட்டுவிடாதே.

அவர் வரும் நாளில் நிழலான, சமமான தரையும் குதிரையைப் பிடிக்க ஓர் ஆளும் தயாராக இருக்கட்டும். கால்கள் காய்ந்து சுத்தமாக இருக்கட்டும், எண்ணெய் பூசாதே. மாலை மங்கும் நேரம் வேண்டாம். ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பும் பூச்சிகள் அப்போதுதான் கிளம்பும்.

வேலை முடிந்ததும் கேமராவைத் தரையோடு வைத்து, நான்கு காலையும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும், குளம்பைத் தூக்கி அடிப்பக்கமும் படமெடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
கோவிந்தன்