எல்லாவற்றுக்கும் ‘உலை’ என்று போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ரோமானிய உலைகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் இரும்பு உருக்கியது, பானை சுட்டது, சுண்ணாம்பு வெந்தது, தானியம் காய்ந்தது எல்லாமே அதில் ‘உலை’தான். கொல்லனுக்கு உலை, குயவருக்குச் சூளை, சுண்ணாம்புக்குக் காளவாய் என்று நமக்குத் தனித்தனிச் சொல் இருக்கிறதே! எந்தச் சொல்லைப் போடுகிறோமோ, அங்கே அந்த வேலைதான் நடந்தது என்று வாசகர் நம்பிவிடுவார்.

ஜெர்மனியின் ஈவர்ஸ்ஹைமில் ரோமானியப் படையின் 30ஆம் படையணி நடத்திய ஆறு காளவாய்களில் சந்தேகத்துக்கே இடமில்லை. காளவாய் 10 அடி அகலம், 20 அடி உயரம், மேல்வாய் 3 அடியாகக் குறுக வேண்டும் என்று கேட்டோ என்ற ரோமானிய எழுத்தாளர் அதற்கும் முன்பே எழுதிவைத்திருக்கிறார். தீயில் புகை குறைந்தால் கல் வெந்துவிட்டது என்றும் சொல்கிறார். கிளிஞ்சல் சுட்ட என் தாத்தாவும் புகையைப் பார்த்துத்தான் சொல்வார். அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

சிக்கல் பிரிட்டனில் கிடைத்த T வடிவப் புகைவழி அடுப்புகளில்தான். ‘தானியம் உலர்த்தும் உலை’ என்று நீங்கள் உறுதியாகவே எழுதிவிட்டீர்கள். 1970களில் பீட்டர் ரெனால்ட்ஸ் என்ற தொல்லியலாளர் அதேபோல ஒன்றைக் கட்டி, தீ மூட்டிப் பார்த்தார். தானியம் உலர்த்த அது அவ்வளவாக உதவவில்லை. முளைகட்டிய வாற்கோதுமையைக் காயவைத்து பீருக்கு மால்ட் செய்யத்தான் பொருத்தம் என்றார். அப்புறம் பல இடங்களில் இந்த அடுப்புகளில் கிடைத்த கருகிய ஸ்பெல்ட் கோதுமை (பழைய கோதுமை வகை) மணிகள் முளைவிட்டிருந்தனவா என்று உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறார்கள். மழையில் நனைந்த கதிரும் முளைக்கும்தான், ஆனால் முளை ஆளுக்கொரு நீளமாக இருக்கும். பெரும்பாலான மணிகளில் ஒரே அளவாக இருந்தால் யாரோ வேண்டுமென்றே முளைகட்டியிருக்கிறார்கள். ஒரே அடுப்பில் ஒரு சமயம் உலர்த்தல், இன்னொரு சமயம் மால்ட் என்று இரண்டும் நடந்திருக்கலாம் என்பதும் ஆய்வாளர்கள் சொல்வதே.

ஆகவே இனிமேல் இத்தகைய படங்களுக்குக் கீழே, குழிக்குள் கிடைத்தது சாம்பலா, கசடா, கருகிய மணியா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பயன் தெரியாதவற்றுக்கு ‘தீ எரிந்த கட்டுமானம்’ என்றே போட்டால் போதும்.

இப்படிக்கு,
நாகப்பட்டினம் வாசகர்