மொட்டை மாடிக் காக்காயும் வால்டெஸ் கடற்கரையும்

அன்புள்ள முருகேசா,

மொட்டை மாடியில் காக்காய் செத்துக் கிடக்கிறது என்று நீ போன் செய்தபோது நான் ராசிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். பக்கத்தில் ஒருவர் செல்போனில் சத்தமாகப் பாட்டு வைத்திருந்தார். "காக்காயைக் கையால் தொடாதே, பூனையை அறையில் அடைத்து வை" என்று கத்தியதோடு சரி. அதற்கப்புறம் நீ கேட்டது மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. "பறவைச் சீக்கு நாலுகால் பிராணிக்குத் தாவுமா டாக்டரே?" கேள்வி ஒரு வரிதான். பதில் போனில் அடங்காது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. சின்னவளுக்குப் பையன் பிறந்து நாற்பது நாள் ஆகிறது. பெயர் வைப்பதில் இரண்டு வீட்டாருக்கும் இழுபறி. நான் வாயைத் திறப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் கால்நடை டாக்டராகக் கோழி ஷெட்டுகளிலேயே கழித்தவன் நான். 2014-இல் ஆலப்புழைப் பக்கம் வாத்துகள் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சலில் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, கேரள எல்லைச் சோதனைச் சாவடியில் லாரி டயருக்கு மருந்து அடிக்கிற இடத்தில் பத்து நாள் நின்றிருக்கிறேன். அன்றைக்கு யாராவது உன் கேள்வியைக் கேட்டிருந்தால், "எப்பவாவது தாவும், தாவின இடத்திலேயே நின்றுபோகும்" என்றிருப்பேன். பூனை சீக்குப் பறவையைத் தின்னும், சாகும், அத்தோடு முடிந்தது என்றுதான் எங்கள் கணக்கு. தாய்லாந்தில் 2004-இல் ஒரு புலிப் பண்ணையில் பச்சைக் கோழியைத் தீனியாகப் போட்டதில், 441 புலிகளில் 147 போயின. சில நோயில் செத்தன, மீதியைக் கொன்றார்கள். புலியிலிருந்து புலிக்கே தொற்றியிருக்கலாம் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. கூண்டுக்குள் நடந்தது கூண்டோடு போகும் என்று எங்கள் வட்டாரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

என் கணக்கு தப்பானது வால்டெஸ் தீபகற்பத்துச் செய்தியைப் படித்தபோதுதான். அர்ஜென்டினாவின் அட்லாண்டிக் கரையில், மரம் மட்டை இல்லாத படகோனியப் பொட்டலில் இருக்கிறது அது. வருஷா வருஷம் அங்கே கடல் யானைகள் கரையேறிக் குட்டி போடும். யானை என்றதும் தும்பிக்கையைத் தேடாதே. சீல் இனம்தான், வளர்ந்த ஆணுக்கு மூக்கு தொங்கும், அவ்வளவுதான். பெரிய ஆண் மூன்று டன்னுக்குக் குறையாது. ஆகஸ்டில் ஆண்கள் வந்து மணலில் இடம் பிடிக்கும், பின்னாலேயே பெண்கள் வரும். ஒரு ஆணைச் சுற்றி டஜன் கணக்கில் பெண்கள், சந்தையில் கட்டிப்போட்ட மாடு மாதிரி நெருக்கியடித்துக் கிடக்கும். குட்டி பிறக்கும்போதே நாற்பது கிலோ இருக்கும், கன்னங்கரேலென்று. மூன்று வாரம்தான் தாய்ப்பால். பாலில் பாதிக்குப் பாதி கொழுப்பு என்பதால் அதற்குள் குட்டி மூன்று மடங்கு ஊதிவிடும். தாயோ அந்த மூன்று வாரமும் ஒரு மீன்கூடத் தின்னாது. அப்புறம் ஒருநாள் குட்டியை மணலில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விடும். திரும்பி வராது.

2023 அக்டோபரில் அந்தக் குட்டிகள் தலையை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டு கிடந்தன. மூச்சு இரைத்தது, மூக்கு ஒழுகியது, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மார்செலா உஹார்ட் என்று நம் தொழில்காரர் ஒருவர், காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கிற அம்மாள், தன் குழுவோடு கரை கரையாகப் போய் எண்ணினார். அந்தப் பருவத்துக் குட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் செத்திருந்தன. ஏறத்தாழ 17,000. அதற்கு முந்தின வருஷம் நூற்றுக்கு ஒன்றுகூடச் சாகவில்லை. படம் பார்த்தேன். அலை வந்து நிற்கிற கோட்டில், நனைந்த கரிமூட்டைகளை லாரியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி வரிசையாகக் கிடந்தன. ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

படத்தை மூடி வைத்த பிறகு தொழில் புத்தி வேலை செய்தது. இந்தக் குட்டிகள் எதைத் தின்றன? பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதவை. செத்த பறவையைக் கடித்ததால் வந்தது என்று சொல்ல வழியே இல்லை. பதினேழாயிரம் குட்டிக்கும் தனித்தனியாகப் பறவை வந்து கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. அப்படியானால் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

வைரஸின் மரபணுவைப் படித்தவர்களும் அங்கேதான் வந்து நின்றார்கள். தடம் தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து தொடங்குகிறது. 2022 நவம்பரில் அங்கே கூழைக்கடாக்கள் செத்தன. அடுத்த சில மாதத்தில் கடற்சிங்கங்கள், பெருவில் மட்டும் 5,000-க்கு மேல். பிறகு சிலிக் கரை வழியாகத் தெற்கே இறங்கி, ஆகஸ்டில் கண்டத்தின் கடைக்கோடியான தியெரா தெல் ஃபுவேகோவில் தெரிந்தது. அங்கிருந்து அட்லாண்டிக் பக்கம் திரும்பி வடக்கே ஏறி, சில வாரத்தில் உருகுவே வரைக்கும் போய்விட்டது. இந்த வழி நெடுக வைரஸ் கடல் பாலூட்டிகளுக்கென்றே தனிக் கிளையாகப் பிரிந்திருந்தது. வால்டெஸில் அதே நாட்களில் ஆலா என்ற கடற்பறவைகளும் செத்தன. அவற்றின் உடம்பில் இருந்ததும் அந்தப் பாலூட்டிக் கிளைதான். பறவையிடமிருந்து வாங்கியதை உருமாற்றிப் பறவைக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது. எனக்குத் தூக்கம் கெட்டது இந்த இடத்தில்.

உருமாற்றம் என்றால் என்ன என்று கேட்பாய். வைரஸ் தன்னைப் படியெடுக்கத் தன் சொந்தச் சாமானை மட்டும் நம்பி இருப்பதில்லை, புகுந்த செல்லில் இருக்கும் ஏஎன்பி32ஏ என்ற புரதத்தின் தயவும் வேண்டும். பறவையின் புரதத்தில் 33 அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் கண்ணிகள், கூடுதல். பாலூட்டியுடையது அந்த அளவுக்குக் குட்டை. பறவைக்கே பழகின வைரஸ் நம் மாதிரி உடம்புக்குள் வந்தால் பிடி கிடைக்காமல் திணறும். பிபி2 என்று வைரஸின் புரதம் ஒன்று. அதில் 627-ஆம் இடத்திலோ 701-ஆம் இடத்திலோ ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், குட்டையானதை வைத்தே ஒப்பேற்றிவிடும். கடற்சிங்கங்களிடம் 701-உம் 591-உம் மாறியிருந்தன. 2023 மார்ச்சில் சிலியில் ஒரு மனிதருக்கு வந்ததே, அதிலும் இதே இரண்டு மாற்றங்கள்.

உடனே மாஸ்க் வாங்க ஓடாதே. செல்லின் மேலிருக்கும் சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் இந்த வைரஸ் உள்ளே நுழையும். பறவைக்கு இருக்கிற வகைச் சர்க்கரை நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் அடியில்தான் அதிகம். ஒருவர் தும்மி இன்னொருவருக்குச் சுலபமாக ஒட்டும் நிலை இன்னும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீ மாடு வளர்த்தவன் என்பதால். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் டெக்சாஸ், கான்சஸ் பக்கம் பால் மாடுகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். மாடு தீனி எடுக்கவில்லை, கறவை சடாரென்று இறங்கியது, கறந்த பால் மஞ்சளாகத் திக்காக, சீம்பால் மாதிரி இருந்தது. கன்று போட்டு மாதக்கணக்கான மாட்டில் சீம்பாலா? மடிநோய் என்றுதான் நானும் ஊசி போட்டிருப்பேன். வைரஸ் மடியில் குடியிருந்தது. கறவை மெஷினே ஒரு மாட்டிலிருந்து அடுத்ததுக்குக் கொண்டுபோனது. தொழுவத்தில் பச்சைப் பாலை நக்கின பூனைகள் செத்தன. அந்தப் பூனைகள் நினைவுக்கு வந்துதான் உன் பூனையை அடைக்கச் சொன்னேன். காய்ச்சின பாலில் பயமில்லை.

எங்கள் பண்ணைக்காரர்கள் எப்போதும் வானத்தைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். வலசை வருகிற வாத்து கொண்டுவந்துவிட்டதாம். கூட்டத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் இந்த எச்5என்1 வம்சத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் 1996-இல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு பண்ணைப் பெருவாத்தில் போய் நிற்கிறது. மறு வருஷம் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் செத்தார்கள். அங்கிருந்து அது கோழிச் சந்தை, வாத்துப் பண்ணை என்று சுற்றிச் சுற்றி வளர்ந்த பிறகுதான் காட்டுப் பறவைக்குப் போய் ஒட்டியது. பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை நம் வாசலில் விட்டான் என்று நாம் கத்துகிறோம், குழாயின் மறுமுனை நம் வீட்டில் இருக்கிறது. இதைப் போன மாதம் ஒரு கூட்டத்தில் சொன்னேன். டீ வந்துவிட்டது, பேச்சு தீவன விலைக்குப் போய்விட்டது.

மறுபடி கடல் யானைக்கு வருகிறேன், சாவு வால்டெஸோடு நிற்கவில்லை. அண்டார்டிகாவுக்குப் பக்கத்தில் தெற்கு ஜார்ஜியா என்று ஒரு தீவு, உலகத்திலேயே கடல் யானைகள் அதிகம் கூடுகிற இடம். அங்கே மூன்று பெரிய கடற்கரைகளை ட்ரோன் விட்டு எண்ணினார்கள். 2022-க்கும் 2024-க்கும் இடையில் குட்டி போட வந்த பெண்கள் 47 சதவீதம் குறைந்துவிட்டன. குட்டி செத்தால் அடுத்த வருஷம் இன்னொன்று போடலாம். போடுகிற தாயே வரவில்லை என்றால் எத்தனை வருஷம் ஆகும், நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இனி உன் காக்காய். ஒற்றைக் காக்காய் என்பதால் பெரும்பாலும் கரண்டு கம்பியில் அடிபட்டதாகத்தான் இருக்கும். பாலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடு. பேரன் சிறகைப் பிடித்துத் தூக்கினான் என்றாயே, சோப்புப் போட்டுக் கை கழுவினானா? பத்து நாள் காய்ச்சல், கண் சிவப்பு வருகிறதா என்று பார், வந்தால் டாக்டரிடம் காக்காய் விஷயத்தை மறக்காமல் சொல். இன்னும் நாலைந்து விழுந்தால் நீயாகப் புதைக்காதே, கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடு, எனக்கும் போன் செய். தங்கச்சி முட்டையை நிறுத்திவிட்டதாகச் சொன்னாய். வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடச் சொல். பூனை தின்கிறதா, நடை தள்ளாடுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா என்று பார்த்து எழுது. அது கதவைப் பிராண்டுகிறது என்று திறந்து விட்டுவிடாதே மாப்ள, இன்னும் நாலு நாள் கத்தட்டும்.

உன்
ராமலிங்கம்