நம் தோட்டத்து விதையும் உன் மாத்திரையும்

கண்ணு,

நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னது அன்றிலிருந்து மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "நம்ம கண்வலி விதையில இருந்து எடுக்கற மாத்திரைதானேம்மா, இயற்கைதான். வலி நிக்கலைன்னா இன்னும் ரெண்டு போட்டுக்குவேன்." உன் கௌட்டுக்கு, அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வீங்குகிற நோய்க்கு, டாக்டர் எழுதிய அந்தக் கால்ச்சிசின் மாத்திரை சரியான மருந்துதான். அந்த 'இன்னும் ரெண்டு'தான் எனக்குப் பயம்.

மூலனூர்ப் பக்கம் அந்தக் கண்வலிச் செடியோடு, அதாவது செங்காந்தளோடு, புழங்கியவர்கள் 'இயற்கை' என்று அசட்டையாக இருக்க மாட்டார்கள். காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிற பெண்கள் நம் தோட்டத்தில் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடுவதில்லை, பார்த்திருப்பாய். மாநில மலர் என்பதற்காக அதன் கிழங்கு யாரையும் விட்டுவைக்காது.

விஷமில்லாத பொருளே இல்லை, அளவுதான் தீர்மானிக்கிறது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே பாராசெல்சஸ் என்ற மருத்துவர் சொல்லிவிட்டார். அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உள்ளே போன பொருள் செல்லில் எதைப் பிடிக்கிறது?

கால்ச்சிசின் பிடிப்பது டியூபுலின் என்ற புரதத்தை. அது கோத்துக் கோத்து நுண்குழல்களாக வளரும். செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கிற கயிறு அந்தக் குழல்கள்தான். உன் கால் கட்டைவிரல் மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகங்களை நோக்கி ஓடிவரும் வெள்ளணுக்களுக்கும் அவை வேண்டும். மருந்து அங்கே போய் ஒட்டிக்கொள்ள, வெள்ளணுக்கள் தடுமாறி, வீக்கம் வடிகிறது.

சரி, அளவு கூடினால்? அதே பிடி உடம்பு முழுக்க. அடிக்கடி பிரிகிற செல்களுக்குத்தான் முதல் அடி. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாவதால் முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. அப்புறம் எலும்பு மஜ்ஜை சோர்ந்து வெள்ளணு சரியும். பிழைத்தவர்களுக்கும் பிறகு முடி கொட்டும். விழுங்கியதும் ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும் என்பதுதான் கொடுமை. அதற்குள் மருந்து செல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். டயாலிசிஸ் செய்தாலும் வெளியே வராது.

(விதையில்லாத் தர்பூசணியும் இந்தப் பிடியால் வந்ததுதான். செல் பிரியாமல் நின்றால் குரோமோசோம் இரட்டிப்பாகும். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.)

2010இல் வந்த ஓர் ஆய்வில் கௌட் நோயாளிகளில் சிலருக்கு மொத்தம் 1.8 மில்லிகிராம், சிலருக்கு 4.8 கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்ததில் பெரிய வித்தியாசமில்லை. வயிற்றுப்போக்கு மட்டும் 4.8 வாங்கியவர்களில் மூன்று மடங்குக்கும் மேல். கூடப் போட்டு நீ சம்பாதிக்கப் போவது அதைத்தான்.

சளி, தொண்டை வலி என்று யாராவது கிளாரித்ரோமைசின் எழுதினால் கால்ச்சிசின் எடுப்பதைச் சொல்லிவிடு. கால்ச்சிசினைச் சிதைக்கிற நொதியை அது முடக்கிவிடும். நீ மாத்திரையைக் கூட்டாமலே ரத்தத்தில் அளவு ஏறும். கிட்னி மந்தமானாலும் இதே கதைதான், அதனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு.

மாத்திரை அட்டையை டைனிங் டேபிளில் போட்டு வைக்காதே. பாப்பா எடை பத்து கிலோ, உன் எடை எண்பது. அவள் வாயில் ஒரு மாத்திரை போனால் உனக்கு எத்தனைக்குச் சமம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். இன்றைக்கே அதை எடுத்து மேல் அலமாரியில் வைத்துப் பூட்டு.

அம்மா