வரம்புக்கு வந்து குளிசை தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

இதை எழுத வேண்டும் என்று தை மாதத்திலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தேன். அரிவு வெட்டு வந்தது, பிறகு நெல்லுக் காயவிடுகிற வேலை, பிறகு சிறுபோகம், இப்படியே நாள் போய்விட்டது. இப்போது அடுத்த காலபோகத்துக்கு உழவு தொடங்கப் போகிறது. அதற்கு முன் எழுதாவிட்டால் பிறகு எழுதவே மாட்டேன்.

நாங்கள் முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்கள். நானும் தம்பியும் சேர்ந்து 5 ஏக்கர். போன மார்கழியில் தம்பிக்கு எலிக்காய்ச்சல் வந்தது. மூன்று நாள் பிழைப்பானோ மாட்டானோ என்று தெரியாமல் இருந்தோம். இன்று பின்னேரம் அவன் முற்றத்தில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போடுகிறான், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உதவியவர்களின் பெயரைப் போட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. கேட்டபோது எல்லோரும் ஒரே மாதிரி "பெயர் வேண்டாம் அண்ணை" என்றுவிட்டார்கள். சரி, அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும்.

முதல் நன்றி எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, நாங்கள் பி.எச்.ஐ. ஐயா என்று கூப்பிடுகிறவருக்கு. ஐப்பசியில் கமக்கார அமைப்புக் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. நாங்கள் வந்தது உரக் கதைக்கும் தண்ணீர் திறக்கிற திகதிக்கும்தான். அவர் எழும்பி "எனக்கு ஒரு இருபது நிமிசம் தாங்கோ" என்று கேட்டார். பாதிப் பேர் வெற்றிலை போட வெளியே போய்விட்டார்கள், மழையும் பெய்தது, தகரத்தில் விழுகிற சத்தத்தில் பின்னுக்கு இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கும் அவர் சலிக்கவில்லை. முன்வாங்கில் வந்து நின்றுகொண்டு, குரலை உயர்த்தி, கடைசிவரை சொல்லித்தான் முடித்தார். எலிக்காய்ச்சல் என்றால் எலி கடித்து வருவது என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, எலியின் சலத்தில் இருக்கிற கிருமி சேற்றிலும் தேங்கின தண்ணீரிலும் கிழமைக்கணக்கில் உயிரோடு கிடக்கும், எலி மட்டும் இல்லை, மாடு, எருமை, நாய் எல்லாவற்றின் சலத்திலும் வரலாம், காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலே போதும், தண்ணீரில் ஊறி மெதுமையான தோலாலும் கண்ணாலும் வாயாலும் கூட உள்ளே போகும் என்று அவர் சொன்னபோது நான் என் காலைப் பார்த்தேன். மண்வெட்டி பட்ட காயம் இரண்டு இருந்தது. வயல் செய்கிற எவருடைய காலில் காயம் இல்லை?

பிறகு குளிசையைக் காட்டினார். டொக்சிசைக்கிளின், 100 மில்லிகிராம் குளிசை 2, கிழமைக்கு ஒரு தரம். வயலுக்குள் இறங்க ஒரு கிழமைக்கு முதலே தொடங்க வேண்டும், சேற்று வேலை முடியும்வரை விடாமல் போட வேண்டும். சாப்பிட்ட பிறகுதான் போடலாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், போட்ட கையோடு படுக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இல்லை. காசு ஒரு சதமும் இல்லை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெயரைப் பதிந்தால் தருவார்கள். பதியக்கூட நாங்கள் போகவில்லை. அவர்தான் மோட்டார் சைக்கிளில் விடியக்காலமை வரம்புக்கு வந்தார், கிழமைக்கு ஒரு நாள், கையில் ஒரு கொப்பியும் குளிசைப் பையும். எங்கள் வாய்க்கால் வரிசையில் பதினொரு பேர் ஒழுங்காகப் போட்டோம். பதினொரு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. குளிசையால்தான் வரவில்லையா, போடாவிட்டாலும் வந்திராதா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அதனால்தான் போலும் அவருக்கு இதுவரை ஒருவரும் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஐயா. பதினொரு வீட்டின் சார்பிலும் சொல்கிறேன்.

தம்பி முதல் கிழமை போட்டான். வெறுவயிற்றில், ஒரு பிளேன்டீயோடு. சத்தி எடுத்தான். அடுத்த கிழமை ஐயா வந்தபோது "எனக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு வரம்பின் மற்றப் பக்கம் போய்விட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "சாப்பிட்டுவிட்டுப் போடு" என்று அண்ணன்காரன் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

இரண்டாவது நன்றி எங்கள் குடும்பநல உத்தியோகத்தருக்கு, நாங்கள் மிட்வைஃப் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு. தம்பியின் மனைவிக்கு அப்போது கைக்குழந்தை. நிறை பார்க்கக் கிளினிக்குக்குப் போன இடத்தில், தானும் களை பிடுங்கப் போகிறேன், எனக்கும் குளிசை தாருங்கோ என்று இவள் கேட்டிருக்கிறாள். அக்கா இல்லை என்று சொன்னதோடு விடவில்லை. "பால் குடுக்கிற உங்களுக்குக் குளிசை இல்லை, நீங்கள் சேத்துக்க இறங்காமல் இருங்கோ. ஆனா வீட்டில ஆருக்கும் காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரியில முதல் வார்த்தையா 'இவர் வயலில நிண்டவர்' எண்டு சொல்லுங்கோ. காய்ச்சல் எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ." இவ்வளவுதான். பிள்ளையின் கார்ட்டில் நிறையை எழுதிக்கொண்டே சொன்னதாம்.

மார்கழி நடுப்பகுதியில் மழை விட்டு, உடைந்த வரம்பைக் கட்ட இரண்டு நாள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றோம். அதுக்குப் பிறகு ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ தம்பிக்குக் காய்ச்சல் தொடங்கியது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா, பனடோல் போட்டான். அடுத்த நாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி நோவு, அதிலும் கெண்டைக்காலைத் தொட விடவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தது, ஆனால் பூளை இல்லை. நான் ஒரு மருந்துக்கடையில் கேட்டு நோக்குளிசை வாங்கிவந்து கொடுத்தேன். ஒன்று போட்டுவிட்டான். அப்படிப்பட்ட நோக்குளிசைகள் இந்தக் காய்ச்சலில் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும், டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும் என்று பிறகு டொக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து காய்ச்சலுக்குப் பனடோலைத் தவிர வேறொன்றையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலமை பிரதேச வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வெளிநோயாளர் பிரிவில் நீள வரிசை. எல்லோருக்கும் காய்ச்சல், எல்லோருக்கும் தடிமன். எங்கள் முறை வந்ததும் நான் "காய்ச்சல், டொக்டர்" என்றேன். பின்னால் பிள்ளையோடு நின்ற தம்பியின் மனைவி என்னை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து "டொக்டர், இவர் வயலில நிண்டவர், குளிசையும் ஒழுங்காப் போடேல்லை" என்றாள். அதைக் கேட்டதும் அந்த டொக்டர் தங்கச்சி, வயது முப்பது கூட இராது, எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு எழும்பி வந்து அவனுடைய கண்ணைப் பார்த்தா, கெண்டைக்காலை அமத்திப் பார்த்தா, கடைசியாக எப்போது சலம் போனது, என்ன நிறம் என்று கேட்டா. தேத்தண்ணி நிறம் என்றான். அவ்வளவுதான், உடனே வார்ட்டில் போட்டு, இரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் பெனிசிலின் ஊசி தொடங்கிவிட்டார்கள். அந்த முடிவுதான் அவனைக் காப்பாற்றியது என்று பெரிய வைத்தியசாலையில் இருந்த பெரிய டொக்டரே எங்களிடம் சொன்னார்.

வார்ட்டில் இருந்த தாதி மிஸ்மார் எல்லோருக்கும் நன்றி, அதில் இரவு வேலையில் நின்ற ஒருவருக்குத் தனியாக. போகிற சலம் எல்லாவற்றையும் அளவு போத்தலில் பிடித்து நேரத்தோடு எழுதச் சொல்லி ஒரு தாளில் கோடு போட்டுத் தந்தவ அவதான். எதற்கு இது என்று எனக்கு முதலில் சலிப்பாக இருந்தது. சிறுநீரகம் நிற்கப் போகிறது என்பதை முதலில் சொல்வது அந்த அளவுதான் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினா. இரண்டாம் நாள் இரவு கூட்டிப் பார்த்தால் 24 மணித்தியாலத்துக்கு 300 மில்லி லீற்றர் கூட இல்லை. தாளைக் கொண்டு ஓடினேன். அரை மணித்தியாலத்துக்குள் அம்புலன்ஸ். சாரதி அண்ணை அந்த இருட்டிலும் குண்டும் குழியுமான றோட்டிலும் ஓடின ஓட்டத்தை மறக்கமாட்டேன், ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "பிடிச்சுக்கொள்ளுங்கோ தம்பி" என்று சொல்லிச் சொல்லி ஓடினார். அங்கே மூன்று நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வரும் என்று கையெழுத்தும் வாங்கினார்கள், ஆனால் அதற்கு முன் சலம் போகத் தொடங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வயலைப் பார்த்த பக்கத்து வயல்காரர்களுக்கும், பிள்ளைக்கும் அம்மாவுக்கும் சாப்பாடு கொடுத்த மாமிக்கும் நன்றி என்ற ஒரு சொல் போதாது.

அம்மா ஒன்று சொன்னா, அதையும் எழுதிவிடுகிறேன். 90களில் நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வன்னியில் மலேரியா வராத வீடு இல்லை. நடுக்கம் வந்து, குளோரோகுயின் கைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி, விரல் நுனியில் இரத்தம் எடுக்க வந்து நிற்கிற ஆட்களைக் கண்டு பிள்ளைகள் ஒளித்து, இப்படித்தான் போனது. இன்று ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கு மலேரியா என்ற சொல்லே தெரியாது. 2012க்குப் பிறகு மூன்று வருசத்துக்கு மேலாக நாட்டுக்குள்ளேயே தொற்றின மலேரியா வரவில்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. வீடு வீடாக வந்து மருந்தடித்தவர்களும் இரத்தம் எடுத்தவர்களும் செய்த வேலை அது. "அவைக்கும் நாங்கள் ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கேல்லையடா" என்றா அம்மா.

2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம் என்ன காய்ச்சல் என்று தெரியாமலே ஆட்கள் அடுத்தடுத்து இறந்ததும், பிறகு அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் செய்தியை நானும் வாசித்தேன், வாசித்துவிட்டு அடுத்த நாள் வெறுங்காலோடு வயலுக்குப் போனவன்தான்.

வருகிற புதன்கிழமை பின்னேரம் 4 மணிக்கு பி.எச்.ஐ. ஐயா மறுபடி பொதுநோக்கு மண்டபத்துக்கு வருகிறார். பெயர் பதிகிற கொப்பியைத் தம்பிதான் எழுதப் போகிறான், அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. வெறுவயிற்றோடு வருகிறவர்களுக்கு என்று அம்மாவும் மாமியும் கஞ்சி காய்ச்சுகிறார்கள். குடித்துவிட்டே குளிசையைப் போடலாம், வாருங்கோ.

நன்றியோடு,
முத்தையன்கட்டிலிருந்து ஒரு கமக்காரன்