சக்கரம் தரை தொட்ட பிறகு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் உடம்பு தேறி வருவதைப் படித்ததும் நிம்மதி. இங்கே கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி பேப்பர் வாசிக்கிறாள்.

செஸ்னா 172-இல் விமானம் ஓட்டக் கற்ற உன் மகன் இப்போது பைப்பர் கப்பில் டெயில்வீல், அதாவது வாலடியில் சின்னச் சக்கரம் உள்ள விமானம், பழகப்போகிறான் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தரையில் ஓடும்போது விமானம் சட்டென்று சுழன்றுவிடும் கிரவுண்ட் லூப்பை நினைத்துப் பயப்படுகிறானாமே? அந்தப் பயம் கொஞ்சம் இருக்கட்டும்.

செஸ்னாவில் எடை மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. மூக்கு சற்றுத் திரும்பினாலும் விமானம் தானே நேராகிவிடும். கப்பில், நாம் ஓட்டிய புஷ்பக் விமானத்தைப் போலவே, எடை மையம் சக்கரங்களுக்குப் பின்னால். மூக்கு இடது பக்கம் திரும்பினால், பின்னால் இருக்கும் எடை பழைய திசையிலேயே போகப் பார்க்கும்; வால் வலது பக்கமாகச் சுழன்று வரும். ஓரளவு தாண்டிவிட்டால் வாலில் திசை திருப்பும் ரட்டரும் உதவாது, பிரேக்கும் உதவாது.

நம் கிளப்பில் சுழன்ற அந்தப் புஷ்பக் உனக்கு ஞாபகம் இருக்கும். இறங்கியது என்னவோ பஞ்சு மாதிரிதான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் டீ குடிக்கத் திரும்பிவிட்டார்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் இடது பக்கக் காற்று வாலைத் தள்ளியது. டயர் தேய்கிற சத்தம், அப்புறம் புழுதி. வலது இறக்கை நுனியில் துணி கிழிந்து, உள்ளே புல் செருகிக்கிடந்தது. பறக்கும் வேகத்தில் ரட்டருக்கு நிறையக் காற்று கிடைக்கும். வேகம் குறையக் குறைய அது வலுவிழக்கும், பக்கக் காற்று மட்டும் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால், தரை தொடும் நொடியைவிட இந்தக் கடைசி ஓட்டம்தான் ஆபத்தானது.

அதனால் தரை தொடும்போதே மூக்கு ஓடுகிற திசைக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சறுக்கல் துளியும் கூடாது. மூன்று சக்கரமும் பதிந்ததும் கைப்பிடிக் கோலான ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்து வைத்திருக்கட்டும். அப்போதுதான் பின்சக்கரம் தரையை விடாது. இறக்கைகளின் பின் ஓரத்தில் அசையும் ஐலரான் வேலை செய்ய, ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கமாகவும் சாய்த்து, வேகம் குறையக் குறைய இன்னும் சாய்க்க வேண்டும். ரட்டர் பெடலைக் காலால் அழுத்தியபடியே இருக்கக் கூடாது. உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்திப் பிடிப்பதுபோல, சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டி விட வேண்டும். கப்பைத் தனியாக ஓட்டும்போது பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். தரையில் மூக்கு முன்பக்கத்தை மறைத்துவிடும். ஓடுபாதையின் இரண்டு ஓரங்களையும் ஒருசேரப் பார்க்கப் பழகட்டும். பதற்றத்தில் பிரேக்கை அழுத்தினால் மூக்கு குத்திக்கொள்ளும். ஆரம்பத்திலேயே பிடி தளர்வதாகத் தோன்றினால் எஞ்சினுக்கு வேகம் கூட்டும் த்ராட்டிலைத் திறந்து மேலே போய்விடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அங்கே அமெரிக்காவில் டெயில்வீலுக்குப் பயிற்றுநரின் தனிக் கையெழுத்து வேண்டும். பக்கக் காற்றில் இறங்கிக் காட்டுவதும் அதில் அடக்கம். அமைதியான காலை வேளைகளிலேயே பயிற்சியை முடித்துவிடாமல், காற்றடிக்கும் மதியங்களையும் கேட்டு வாங்கச் சொல். அவனே எனக்கு எழுதினால் இன்னும் சந்தோஷம். கமலா எல்லோரையும் விசாரித்தாள்.

அன்புடன்,
சேகர்